காப்புக் கட்டிய ஊருக்குள் மாட்டிக்கொண்ட பாடத்திட்டம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பாடத்திட்டம். மதுரையில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வருகிற ஜூனில் இருந்து 'பன்னாட்டுச் சமூக மேம்பாடு' என்று ஒரு தாள் தொடங்குவது, நம் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் அதில் சேர்ந்து படிப்பது என்று துறையில் முடிவு செய்தார்கள். அதை வடிவமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வகுப்பறைப் பகுதியை எப்படியோ எழுதி முடித்துவிட்டேன். மீதி எட்டு வாரம் ஒரு கிராமத்தில் தங்கிக் களப்பணி. அதற்கு ஒரு ஊர் சரியென்று சொல்ல வேண்டும். பாடத்திட்டக் குழு கூடுவது பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரம் திங்கட்கிழமை வரை என் கையில் ஊர் இல்லை.

ஊர் கிடைக்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஜெரோப்தான் மாட்டிக்கொள்வாள். கென்யாவில் பாரிங்கோ என்ற வறண்ட பகுதியிலிருந்து இந்தத் தாளை நம்பி வந்து சேர்ந்த பெண் அவள். வருகிற டிசம்பரில் அவள் படிப்பு முடிகிறது. தாள் தள்ளிப்போனால் அவளுக்கு மதுரையில் ஏதாவது ஆஸ்பத்திரி வரவேற்பறையில் களப்பணி போட்டுவிடுவார்கள். அவள் ஊரில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலைக்குக் கிராமத்தில் தங்கி வேலை செய்த அனுபவம் கட்டாயம். அது இல்லாமல் போனால் பட்டம் இருக்கும், வேலை இருக்காது. இதை அவள் ஒரு தடவைதான் சொன்னாள். நான்தான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பயணம் என்றால் முதல் நாளே பையை நாலு தடவை பிரித்துக் கட்டுவேன். பூட்டிய வீட்டை இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். இப்படிப்பட்டவள் களப்பணிக்கு மாணவர்களை மேய்க்கிறாள் என்று வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். என்னைப் போல மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகும்.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் ஒரு ஊர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை. அங்கே மகளிர் குழுத் தலைவியாக இருக்கும் ராஜாமணி அக்காவை ஒரு பயிற்சி முகாமில் பார்த்திருக்கிறேன். மானாவாரி நிலம் வைத்திருக்கிற சம்சாரிக் குடும்பம். மழை ஏமாற்றிய காட்டில் சீமைக்கருவேலம் மண்ட விட்டு, அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லோடு ஏற்றி அனுப்புகிறவர். போன் செய்து, ஊர் மக்களைச் சந்தித்துப் பேச எந்த நாள் வசதி என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை வாங்க, அன்னைக்கு எல்லாரும் ஊருக்குள்ளதான் இருப்பாக என்றார்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், 'எல்லாரும் இருப்பாக' என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் வரும் என்று. ஆள் சேராத கூட்டங்களுக்குப் போய்ப் போய் அலுத்தவர்கள் நாங்கள். ஏன் எல்லாரும் இருப்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. சமூகப்பணி படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது என்று இப்போது நினைக்கிறேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஜெரோப்பும் நானும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். அருப்புக்கோட்டைக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர், நாலுவழிச் சாலை, காரியாபட்டி வழியாக ஒன்றேகால் மணி நேரத்தில் இறக்கிவிடுவார்கள். தூத்துக்குடி போகிற பஸ்களும் அருப்புக்கோட்டையில் நிற்கும், ஆனால் ஏறும்போதே ஊருக்குள் போகுமா, பைபாஸா என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏறினால் பந்தல்குடிப் பக்கம் லோடு லாரிகளுக்கு நடுவில் இறங்கி நிற்க வேண்டியிருக்கும். நான் மூன்று தடவை கேட்டேன். கண்டக்டர் மூன்றாவது தடவை பதில் சொல்லவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை. வெளிநாட்டுப் பெண்ணுக்கும் இது உண்டா, இல்லாவிட்டால் அபராதம் போடுவார்களா என்று எனக்குப் பதற்றம். சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கண்டக்டர் ஜெரோப்பை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் விளக்கம் கேட்டதற்கு, "பொம்பளைன்னா ப்ரீதான். எந்த ஊரா இருந்தா என்னம்மா?" என்றார். பன்னாட்டுச் சமூக மேம்பாடு என்று நான் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த மனிதர் டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் முடித்துவிட்டார் என்று ஜெரோப்பிடம் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி சாலையில் எட்டு கிலோமீட்டர் போனால் அந்த ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு. மினிபஸ் ஊருக்குள்ளேயே போகும், ஆனால் ஒரு நாளைக்கு நாலு நடைதான், கடைசி நடை திருச்சுழியில் மாலை ஆறு மணிக்கு. வழி நெடுக இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஜெரோப் திடீரென்று என் கையைப் பிடித்து, இது எங்கள் ஊர் மரம் என்றாள். அங்கே அதற்கு மத்தெங்கே என்று பெயராம். வெள்ளைக்காரர்களின் யோசனைப்படி எப்போதோ நட்டுவைத்தது, இப்போது மேய்ச்சல் நிலத்தை எல்லாம் தின்றுவிட்டது, ஆடுகள் அதன் காயைத் தின்று தின்று பல் போய்விடுகிறது என்றாள். கரி மூட்டம் அங்கேயும் போடுகிறார்களாம். ஆறு மாதம் நூலகத்தில் உட்கார்ந்து நாடுகளை எப்படி ஒப்பிட்டுக் கற்பிப்பது என்று குழம்பினேன். பணக்கார நாடு ஏழை நாட்டுக்குச் சொல்லித் தருவது என்ற பழைய கணக்கிலேயே என் முதல் வரைவு ஓடிக்கொண்டிருந்தது. வறண்ட காடு வறண்ட காட்டோடு பேசினால் போதும் என்று அந்த மினிபஸ்ஸில் தோன்றியது. உடனே அடுத்த கவலை: குழுவில் இதற்கு மேற்கோள் நூல் எது என்று கேட்பார்களே.

ஊரில் இறங்கியதும் வேலையைத் தொடங்கினோம். எங்கள் வழக்கம், கோயில் முன்னால் திடலில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தை மக்களை வைத்தே போடச் சொல்வது. கண்மாய் எங்கே, குழாய் எங்கே, ரேஷன் கடை எங்கே என்று அவர்களே போடுவார்கள். பையிலிருந்து பொடிப் பொட்டலங்களை எடுத்து வைத்தேன். அந்தத் திடல் காலையிலேயே சாணம் தெளித்துப் பெருக்கி, தோரணம் கட்டிக் கிடந்தது. நமக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடா என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ராஜாமணி அக்கா ஓடி வந்து, இங்கன இன்னைக்குப் போடக் கூடாது டீச்சர், சாயங்காலம் காப்புக் கட்டுறாக என்றார்.

மாரியம்மன் பொங்கல். அன்று மாலை காப்புக் கட்டினால் அடுத்த செவ்வாய் பொங்கல். அதனால்தான் எல்லாரும் ஊருக்குள் இருந்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காப்புக் கட்டிய நேரத்தில் ஊர் எல்லைக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லாரும், பொங்கல் முடிகிற வரை, எங்கே போனாலும் இரவில் ஊருக்குத் திரும்பிவந்துதான் படுக்க வேண்டும். வேலைக்குப் போகலாம், டவுனுக்குப் போகலாம், வெளியில் தங்கக் கூடாது. விருந்தாளியாக வந்தவர்களும் இதில் சேர்த்திதான்.

ஊருக்கு முறைப்படி தலைவர் வேறொருவர். ஆனால் கோயில் காரியத்தில் முன்நின்று பேசுகிறவர் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவரிடம் போய் நின்றேன். எட்டு வாரம், மாணவர்கள், படிப்பு என்று நான் மூச்சு விடாமல் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, முன்னால் வந்தவர்களைப் பற்றிச் சொன்னார். இரண்டு மூன்று கூட்டத்தார் வந்திருக்கிறார்கள், கோலப்பொடியில் படம் போட்டிருக்கிறார்கள், ஆடு எத்தனை கக்கூஸ் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். "வருசா வருசம் ஆளு மாறுது டீச்சர், கேள்வி மாறல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அதன்பின் அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பயணத்தையே திருப்பியது. "ரெண்டு மாசம் எங்க ஊருல இருக்கப்போற பிள்ளை எங்க கட்டுப்பாட்டுக்கு உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

பாடத்திட்டத்தில் மாணவருக்கான நெறிமுறை, பாதுகாப்பு, மதிப்பெண், வருகைப்பதிவு எல்லாம் இருந்தது. ஊருக்கு மாணவர் என்ன கடமைப்பட்டவர் என்று ஒரு வரி கிடையாது. 'ஊர்க் கட்டுப்பாடு' என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் துறைக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள், அதையும் மறைக்கவில்லை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யாரை எல்லாம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறோம். காப்பு எல்லாத் தெருவுக்கும் ஒன்றா என்று நேராகவே கேட்டேன். கிழக்குத் தெருவில் அவர்களுக்குத் தனிக் கோயில், காப்பு மட்டும் ஒரே நாளில் கட்டுகிறோம் என்றார் அண்ணாச்சி. ஏன் தனி என்று அவரும் சொல்லவில்லை, அன்று நானும் தோண்டவில்லை. கேட்காமல் விட்ட அந்த உறுத்தலை என்னோடுதான் வைத்திருக்கிறேன்.

ஊர்க்கூட்டம் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகுதான், அப்போது பேசிச் சொல்கிறோம் என்றார். நீங்கள் இப்போதே கிளம்பினால் காப்புக்கு வெளியே போய்விடலாம், தப்பில்லை, பொங்கல் முடிந்து வாருங்கள் என்றும் சொன்னார். பொங்கல் முடிந்து வந்தால் குழு கூடி முடிந்திருக்கும். நாலரை மணி மினிபஸ் வரப்போகிறது. ஜெரோப் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ராஜாமணி அக்காவிடம் போய், மதுரையில் கற்றுக்கொண்ட தமிழில், "அக்கா, நான் இருக்கேன். உங்க வீட்டுல இடம் இருக்கா?" என்றாள்.

துறைத் தலைவருக்குப் போன் செய்தேன். கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், வெளிநாட்டுப் பிள்ளை, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். நியாயம்தான், அதே கேள்வி எனக்கும் இருந்தது. ஆனால் அவளை இழுத்துக்கொண்டு போனால் ஊருக்கு என்ன தெரியும்? இவர்களும் படம் போட வந்தவர்கள்தான் என்று தெரியும். தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நானும் இருந்தேன். மினிபஸ் வந்தது, போனது. ஆறு மணிக்குப் பூசாரி காப்புக் கட்டினார். மேளம் அடங்கியதும் என் முதல் எண்ணம், மாற்றுப் புடவை இல்லையே என்பது.

ராஜாமணி அக்கா வீட்டில் தங்கினோம். காப்புக் கட்டிய வீடுகளில் தாளிப்பதில்லை, அதனால் எல்லாக் குழம்பும் சப்பென்று இருந்தது. நான் பாவம் என்று ஜெரோப்பைப் பார்த்தால், இதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு ருசி என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் அந்த வீட்டார் உடனே ஆன்லைனில் பதிய வேண்டும். அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது கண்மாய்க் கரை மேல்தான். கரையில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிபி வருமா வருமா என்று நான் நின்ற கோலத்தைப் பார்த்து ஆடு மேய்க்கிறவர்கள், டீச்சர் யாருக்கோ டாட்டா காட்டுறாக என்று சிரித்தார்கள்.

புதனும் வியாழனும் ஜெரோப் கரி மூட்டத்துக்குப் போய்வந்தாள். மூட்டத்தை மண்ணால் மூடுகிற விதம் இரண்டு ஊருக்கும் வேறாம், ராஜாமணி அக்காவும் அவளும் கையால் காட்டிக் காட்டி வாதம் செய்தார்கள். ஜெரோப் என்றால் மழை பெய்யும்போது பிறந்தவள் என்று அர்த்தமாம். அதைக் கேட்டதிலிருந்து தெருவில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் வானத்தைக் காட்டி, என்னம்மா எப்ப என்று கேலி செய்தார்கள். நான் அந்த இரண்டு நாளும் பாடத்திட்டத்தைத் திருத்தினேன். முதல் வாரத்தில் வரைபடம் போடுவதை எடுத்துவிட்டேன். 'ஆசிரியர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேற்பார்வை' என்று இருந்ததை அடித்துவிட்டு, ஆசிரியரும் தங்க வேண்டும் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பயந்தேன், யாரை அனுப்புவார்கள், என்னைத்தானே அனுப்புவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் மினிபஸ்ஸில் கிளம்பினேன். ஜெரோப் ஊரிலேயே இருந்தாள். அண்ணாச்சி கடை வாசலில் நின்று, விளக்கு வைக்க வந்துருவீகள்ல என்றார். வந்துடுறேன் என்றேன்.

பாடத்திட்டக் குழுக் கூட்டம் பத்தரைக்கு. என் தாள் மத்தியானத்துக்கு முன்னால் வரும் என்றார்கள், வந்தது இரண்டரைக்கு. வறண்ட காட்டுக்கு வறண்ட காடு என்பதை ஒத்துக்கொண்டார்கள், மேற்கோள் நூல் கேட்டார்கள், சமாளித்தேன். மாணவர் ஊரின் நடைமுறைக்கு உட்பட்டவர், மனிதர்களைப் பிரித்து ஒதுக்குகிற நடைமுறை தவிர என்று நான் சேர்த்திருந்த வரியில்தான் பிடித்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர், காப்புக் கயிற்றை வைத்து முதுகலைத் தாளுக்குக் கால அட்டவணை போடுவதா என்று கேட்டார். நாளைக்கு வேறு நாட்டில் போய் வேலை செய்யப்போகிற பிள்ளைக்கு, அந்த ஊர்க்காரர்கள் எதை மீறக் கூடாது என்று நினைக்கிறார்களோ அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கத்தை வேறு எந்தத் தாளில் கற்றுத்தரப்போகிறோம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஊர் சம்மதம் எங்கே என்று துறைத் தலைவர் கேட்டார். இன்று இரவுதான் சொல்வார்கள் என்றேன். சம்மதித்தார்கள் என்று போட்டுக்கொள்ளலாமே, எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று ஒருவர் மெல்லச் சொன்னார். இல்லை, இன்னும் சம்மதிக்கவில்லை என்றேன். கடைசியில், ஊர் சம்மதித்தால் தாள் உண்டு, இல்லாவிட்டால் இந்த ஆண்டு இல்லை என்று முடித்தார்கள். மணி மூன்றே முக்கால். காப்பி வருகிறது, இருங்கள் என்றார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நாலேகாலுக்கு மாட்டுத்தாவணியில் பஸ் கிடைத்தது. காரியாபட்டிக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று வழியை மறித்திருந்தது. இருபது நிமிடம் அப்படியே நின்றோம். நான் எழுந்து நின்றுகொண்டேன், நின்றால் பஸ் சீக்கிரம் போகும் என்பது போல. ஜெரோப் போன் செய்தாள். கண்மாய்க் கரைக்கு ஏறி வந்திருக்கிறாள். "டீச்சர், அண்ணாச்சி கேட்டாங்க. டீச்சர் வந்துருவாங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழுகை வந்துவிட்டது எனக்கு. பக்கத்து சீட்டு அம்மா, வீட்டுல யாருக்கும் சொகமில்லையா என்று கேட்டார்.

திருச்சுழியில் இறங்கும்போது ஆறு இருபது. மினிபஸ் போய்விட்டது. ஸ்டாண்டில் ஒரே ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டே, இருநூற்றைம்பது ஆகும், திரும்பி வர ஆள் கிடைக்காது, கொஞ்ச நேரம் பொறுங்கள், இன்னும் இரண்டு பேர் சேரட்டும் என்றார். என்னால் பொறுக்க முடியாது, அந்த ஊரில் காப்புக் கட்டியிருக்கிறது என்றேன்.

"நீங்க காப்புக்குள்ள இருந்தவுகளா?"

ஆமாம் என்றேன். பாதி டீயைக் கீழே வைத்தார். "அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? ஏறுங்க."

இருட்ட ஆரம்பித்துவிட்டது. விளக்கு வைத்திருப்பார்கள். கூட்டம் தொடங்கியிருக்கும். வாக்கைக் காப்பாற்றாதவள் கொண்டுவரும் படிப்புக்கு எந்த ஊர் சரி சொல்லும்? ஜெரோப்பின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விலக்கில் திரும்பிக் கண்மாய்க் கரையோரம் வந்ததும் ஊரின் குழாய் ஸ்பீக்கர் சத்தம் கேட்டது. பாட்டு பாதியில் நின்றது. அண்ணாச்சியின் குரல்.

"வெளியூரு போனவுக கவனத்துக்கு. விளக்கு வச்சாச்சு. விருதுநகர் போன மேலத்தெரு முத்துக்குமாரு, அருப்புக்கோட்டை மில்லுக்குப் போன சுப்புலட்சுமி, மதுரைக்குப் போன நம்ம டீச்சரம்மா, எங்கன இருந்தாலும் வெரசா ஊருக்குள்ள வந்து சேரவும்."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, உங்களைத்தான் கூப்பிடுறாக என்றார். எத்தனையோ கூட்டங்களில் என் பெயரை மைக்கில் சொல்லியிருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். காணோம் என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஏங்கி ஏங்கி அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

ராஜாமணி அக்காவும் ஜெரோப்பும் ஊர் முகப்பில் நின்றார்கள். ஜெரோப் ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாள். நான் அண்ணாச்சியிடம் போய் விளக்கு வைத்தபின் வந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். படுக்கிறதுக்குள்ள வந்தாச்சுல்ல, அது போதும் என்றார். முத்துக்குமாரு இன்னும் வரவில்லை, அவனைத்தான் உதைக்க வேண்டும் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார்.

கூட்டம் எனக்காகக் காத்திருக்கவில்லை, என் விஷயத்தை முதலில் எடுத்துப் பேசி முடித்திருந்தார்கள். பிள்ளைகள் வரலாம், இந்தப் பிள்ளை முதலில் வரட்டும் என்று அண்ணாச்சி சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. "காப்புக்குள்ள இருந்த ஆளு அடுத்த வருசமும் காப்புக்கு வரணும். வராட்டி ஏன்னு கேப்போம்." நான் ஜெரோப்பைப் பார்த்தேன். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த பங்குனியில் அவள் படிப்பை முடித்து ஊர் திரும்பியிருப்பாள், அது அவளுக்கும் தெரியும். அன்றைக்கே அண்ணாச்சியிடம் அதைச் சொன்னாள். அவர் சற்று யோசித்துவிட்டு, சரி, பார்ப்போம் என்றார்.

பொங்கல் வரை இருந்துவிட்டு அடுத்த புதன்கிழமை மதுரை வந்தோம். ஜூனில் ஜெரோப் அங்கே போகிறாள், கூட நானும்.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் கிராமத்துக்குப் போவதானால் காப்பு என்றைக்கு என்று முதலில் கேளுங்கள், பிறகு தேதி குறியுங்கள். எல்லாரும் இருப்பாக என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ரயில் திருச்சுழியிலும் நரிக்குடியிலும் நிற்கிறது, ஆனால் நேரம் நம் வேலைக்கு ஒத்துவராது, பஸ்ஸையே நம்புங்கள். மதுரையிலிருந்து ஊர் வரை மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் போன்றவர்கள் நாலு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எடுத்துப்போங்கள். மாற்றுப் புடவை கட்டாயம். பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கு: களப்பணியின் கடைசி வாரத்துக்கு 'வெளியேறும் கட்டம்' என்று நாமெல்லாம் ஒரு தலைப்பு போடுவோம். நான் அதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று இன்னும் தெரியவில்லை, வெற்றிடமாகத்தான் இருக்கிறது.

நேற்று ராஜாமணி அக்கா போன் செய்தார். அண்ணாச்சி யோசித்துச் சொன்னாராம்: அடுத்த வருடம் விளக்கு வைத்ததும் வெளியூர் போனவர்களைக் கூப்பிடும்போது, கென்யாவுக்குப் போன ஜெரோப் என்று அவள் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாராம். அவளுக்குக் கேட்காதே அக்கா என்றேன். "கேக்காதுதான். அதுக்காகக் கூப்பிடாம இருக்க முடியுமா டீச்சர்?" என்றார். அப்படிக் கூப்பிடுகிற நேரத்தில் அவளுக்காகப் பதில் சொல்ல நான் அங்கே இருக்க வேண்டும். அந்த வாரம் லீவு கொடுப்பார்களா என்று இப்போதே கவலையாக இருக்கிறது.